நைட்ரோ ஹெலிகாப்டரில் கவர்னர் அமைப்பது: த்ராட்டில் கம்பி தொடங்கி முதல் பறப்பு வரை

மாடல் ஹெலிகாப்டரில் பிளேடின் பிட்ச், அதாவது சாய்வுக் கோணம், கூடினால் எஞ்சினுக்குச் சுமை கூடும். த்ராட்டில் அதே இடத்தில் நின்றால் ரோட்டார் வேகம் விழும். பிட்ச் குறைந்தால் வேகம் எகிறும். இதைச் சமாளிக்கத்தான் டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டில் கர்வ் போடுகிறோம்: ஸ்டிக் எங்கே நின்றால் த்ராட்டில் எவ்வளவு திறக்க வேண்டும் என்ற பட்டியல் அது. ஆனால் கர்வுக்குத் தெரிந்தது ஸ்டிக் எங்கே நிற்கிறது என்பது மட்டுமே. எதிர்க்காற்று, எஞ்சின் சூடு, சைக்ளிக்கை (ஹெலிகாப்டரைச் சாய்க்கும் கட்டுப்பாட்டை) இழுக்கும்போது ஏறும் சுமை எதுவும் அதற்குத் தெரியாது. கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அப்படியல்ல. எஞ்சின் எத்தனை முறை சுற்றுகிறது என்று காந்தத்தை வைத்து எண்ணுகிறது, நாம் கேட்ட வேகத்தோடு ஒப்பிடுகிறது, வித்தியாசம் எவ்வளவோ அதற்கேற்ப த்ராட்டில் சர்வோவை நகர்த்துகிறது. வேகம் நிலையாக நின்றால் வாலை நிலைநிறுத்தும் டெயில் ஜைரோவின் கெய்ன் (திருத்தம் எவ்வளவு பலமாக வர வேண்டும் என்ற அளவு) ஒரே மாதிரி வேலை செய்யும், சைக்ளிக்கின் பதிலும் பறப்புக்குப் பறப்பு மாறாது.

ஒன்றை முதலில் மனதில் வைக்க வேண்டும். கவர்னர் எஞ்சினுக்குப் புதிதாகச் சக்தி எதுவும் கொடுக்காது. இருக்கும் த்ராட்டிலைத் திறக்கும், மூடும், அவ்வளவுதான். ட்யூனிங் சரியில்லாத எஞ்சினில் மாட்டினால் கோளாறு மறைந்துகொண்டு வளரும். அதனால் வேலையின் வரிசை முக்கியம்: முதலில் த்ராட்டில் கம்பியும் சர்வோவும், பிறகு காந்தமும் சென்சாரும், பிறகு கவர்னர் இல்லாமலே எஞ்சின் ட்யூனிங்கும் கர்வும், கடைசியில்தான் கவர்னரை ஆன் செய்வது. கவர்னரால் வரும் தொல்லை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த வரிசையை மாற்றியதால் வருவது.

இங்கே எடுத்துக்கொள்வது 50 வகுப்பு ஹெலிகாப்டர்: ஓஎஸ் 50 அல்லது 55 போன்ற நைட்ரோ எஞ்சின் (நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடுவது), 600 மி.மீ. மெயின் பிளேடு. கவர்னர் தனிப் பெட்டியாக இருக்கலாம், ஃபுடாபா ஜிவி-1 போல. ஃபுடாபா சிஜிஒய்750, மைக்ரோபீஸ்ட் பிளஸ் போல ஃப்ளைபார்லெஸ் யூனிட்டுக்குள்ளேயே (ரோட்டாரை நிலைநிறுத்தும் மின்னணுப் பெட்டிக்குள்ளேயே) இருக்கலாம். மெனுவின் பெயர்கள் மாறும். செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

த்ராட்டில் கம்பி

கவர்னரை இப்போது இணைக்க வேண்டாம். த்ராட்டில் சர்வோவை நேராக ரிசீவரில் செருகுங்கள். கர்வை 0-50-100 என்று நேர்கோடாக வையுங்கள். சப்-ட்ரிம் (சர்வோவின் நடுநிலையை நகர்த்தும் அளவு) பூஜ்யம், டிராவல் (சர்வோ எவ்வளவு தூரம் ஓடலாம் என்ற அளவு) இரு பக்கமும் 100. ஸ்டிக் நடுவில் நிற்கும்போது சர்வோ கையும் கம்பியும் செங்கோணத்தில் இருக்க வேண்டும், கார்புரேட்டர் பாதி திறந்திருக்க வேண்டும். சர்வோ அச்சின் பல்லில் (ஸ்ப்லைன்) அரைப் பல் தள்ளி நின்றால் கையைக் கழற்றி வேறு பல்லில் போட்டுப் பாருங்கள். கடைசியில் மிஞ்சும் சின்ன வித்தியாசத்துக்கு மட்டும் சப்-ட்ரிம் போதும்.

பிறகு ஸ்டிக்கை மேலே தள்ளுங்கள். கார்புரேட்டர் வாயை எட்டிப் பார்த்தால் உருளையின் விளிம்பு எங்கும் தெரியக் கூடாது. முழு வட்டமாகத் திறந்திருக்க வேண்டும். கீழே இழுத்து ட்ரிம்மையும் குறைத்தால் முழுதாக மூட வேண்டும், அங்கேதான் எஞ்சின் நிற்கும். ஐடிலில், அதாவது எஞ்சின் சுமையில்லாமல் மெதுவாக ஓடும் நிலையில், ஏறக்குறைய 1 மி.மீ. பிளவு. இரு முனையிலும் சர்வோ முனகினால் அது எதையோ முட்டித் தள்ளுகிறது என்று பொருள்.

முழுத் திறப்பு வர டிராவலை 60, 70 என்று குறைக்க நேர்ந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். சர்வோ கையில் பந்தை ஒரு துளை உள்ளே மாற்றி, டிராவல் மறுபடி 100-ஐ ஒட்டி வரும்படி செய்யுங்கள். கவர்னர் த்ராட்டிலை மிகச் சின்னச் சின்ன அடிகளாக நகர்த்துவது. சர்வோவின் பாதி ஓட்டத்திலேயே கார்புரேட்டர் முழுக்கத் திறந்துவிட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். வேகம் ஒரு இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் ஆடும். இதைக் கெய்னைக் குறைத்து மட்டும் முழுதாகச் சரி செய்ய முடியாது.

இணைப்பில் ப்ளே (தளர்வு) இருக்கிறதா என்று பார்க்க, சர்வோவுக்குப் பவர் கொடுத்துவிட்டுக் கார்புரேட்டர் கையை இரண்டு விரலால் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். சர்வோ கை நிற்கும்போது கார்புரேட்டர் கை அசைந்தால் பால் லிங்க்கை மாற்றுங்கள். சர்வோ, 60 டிகிரிக்கு 0.1 விநாடியை ஒட்டிய டிஜிட்டல் வகையாக இருந்தால் நல்லது. மெதுவான சர்வோவில் கவர்னரின் கட்டளை போய்ச் சேர்வதற்குள் வேகம் மாறிவிட்டிருக்கும்.

காந்தமும் சென்சாரும்

பெரும்பாலான மாடல்களில் காந்தம் கூலிங் ஃபேனில் உட்காரும். அதற்கான துளை ஃபேனிலேயே இருக்கும். இங்கே அவசரம் காட்டாதீர்கள். 3 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. நீளமும் கொண்ட ஒரு நியோடிமியம் காந்தத்தின் எடை சுமார் 0.16 கிராம்தான். ஆனால் மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி, நிமிடத்துக்கு 16,000 சுற்றில் அது சுழலும்போது, ஏறக்குறைய 900 கிராம் எடைக்குச் சமமான விசை அதை வெளியே இழுக்கிறது. ஒட்டு விட்டுப்போனால் அது தோட்டாவாகத்தான் வரும்.

எனவே காந்தம் ஷாஃப்டுக்கு இணையாகத் துளைத்த குழிக்குள் இருக்க வேண்டும். அப்போது குழியின் வெளிச்சுவரே அதைத் தாங்கும், ஒட்டு துணைக்குத்தான். ஃபேனின் வெளி விளிம்பில் ஒட்டி வைத்தால் ஒட்டு மட்டுமே தாங்க வேண்டும்; அப்படிச் செய்யவே கூடாது. குழியையும் காந்தத்தையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, 30 நிமிட எபாக்ஸியில் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். ஃபெவிக்விக் மாதிரியான பசை அதிர்வில் விரிசல் விடும், வேண்டாம்.

ஒட்டுவதற்கு முன் எந்த முகம் வெளியே இருக்க வேண்டும் என்று பாருங்கள். காந்தத்தை உணரும் ஹால் சென்சார் பொதுவாக ஒரு துருவத்தை மட்டுமே பார்க்கும். கவர்னருக்குப் பவர் கொடுத்து, காந்தத்தைக் கையில் பிடித்துச் சென்சாருக்கு முன்னால் கொண்டுபோனால் ஒரு முகத்துக்கு எல்இடி எரியும், மறு முகத்துக்கு எரியாது. சில கவர்னர்களின் திரை காந்தத்தின் வலிமையையே சதவீதத்தில் காட்டும். எரிந்த முகத்தில் மார்க்கரால் புள்ளி வைத்துவிட்டு ஒட்டுங்கள். எபாக்ஸி காய்ந்த பிறகு தப்பான முகம் என்று தெரிந்தால் ஃபேனையே மாற்ற வேண்டி வரும்.

எதிர்ப்பக்கத் துளையைக் காலியாக விட்டால் ஃபேன் ஒரு பக்கம் கனக்கும். அந்த அதிர்வில் டேங்கில் எரிபொருள் நுரைக்கும், நுரை குழாயில் குமிழாகப் போகும், எஞ்சின் அவ்வப்போது லீன் ஆகும் (கலவையில் எரிபொருள் குறையும்). கடைசியில் அது கவர்னர் கோளாறு போலத் தெரியும். அதே எடையுள்ள இன்னொரு காந்தத்தைத் துருவம் திருப்பி அங்கே ஒட்டுவது எளிய வழி. சென்சார் அதை எண்ணாது, எடையும் சமமாகிவிடும். இரண்டையும் ஒரே துருவத்தில் ஒட்டினால் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்று கவர்னரிடம் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் எஞ்சின் வேகம் இரட்டிப்பு என்று அது நம்பி, த்ராட்டிலைத் திறக்கவே மறுக்கும்.

சென்சாருக்கும் காந்தத்துக்கும் இடைவெளி 1 முதல் 2 மி.மீ. பழைய ஏடிஎம் அட்டை ஒன்று 0.76 மி.மீ. கனம். இரண்டு அட்டை சேர்த்து நுழைத்துப் பார்த்தால் 1.5 மி.மீ. கிடைத்துவிடும், ஃபீலர் கேஜ் தேட வேண்டியதில்லை. பிறகு ஃபேனை முன்னும் பின்னும் தள்ளி, கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். சென்சார் பிராக்கெட்டின் திருகுகளுக்கு த்ரெட் லாக் போடுங்கள். வயர் அலுமினிய ஃப்ரேமின் கூர் விளிம்பைத் தொடும் இடமெல்லாம் சிலிக்கான் குழாய் போர்த்துங்கள். சைலன்சருக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். காந்தத்தையும் சூட்டிலிருந்து காக்க வேண்டும்: சாதாரண வகை நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலு இழக்கத் தொடங்கும். ஃபேன் நல்ல இடமாக இருப்பதற்கு அதன் காற்றோட்டமும் ஒரு காரணம்.

கவர்னர் இல்லாமல் ட்யூனிங்

மெயின் நீடிலை (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் திருகை) எஞ்சின் கையேடு சொல்லும் அளவிலிருந்து தொடங்குங்கள். ரிச் பக்கமாக, அதாவது எரிபொருள் சற்றுக் கூடுதலாக, இருப்பதே பாதுகாப்பு. ஐடிலைப் பார்க்க, எஞ்சின் சூடான பிறகு கார்புரேட்டருக்குப் பக்கத்தில் எரிபொருள் குழாயை ஃபோர்செப்ஸால் அழுத்துங்கள். வேகம் லேசாக ஏறி, மூன்று நான்கு விநாடியில் அணைந்தால் ஐடில் நீடில் சரி. உடனே அணைந்தால் லீன். வெகுநேரம் ஏறிக்கொண்டே போனால் ரிச்.

மேலே, முழு பிட்ச்சில் நேராக ஏற்றிப் பாருங்கள். வெள்ளைப் புகைக் கோடு அறுபடாமல் வர வேண்டும். இறக்கி, எஞ்சினை நிறுத்தி, பின்தகட்டில் விரல் வையுங்கள். மூன்று நான்கு விநாடி தாங்க முடிந்தால் நல்லது. தொட்டதும் கையை இழுத்துக்கொண்டால் நீடிலை இரண்டு கிளிக் திறங்கள். ஒரு தடவையில் இரண்டு கிளிக்குக்கு மேல் திருப்பாதீர்கள்.

இங்கே கவர்னரைத் தள்ளி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. லீன் ஆகி எஞ்சின் சூடேறினால் சக்தி குறையும், வேகம் விழும். கர்வில் ஓட்டும்போது அது காதுக்குத் தெரியும், இறக்கிவிடுவீர்கள். கவர்னர் இருந்தால் விழுந்த வேகத்தை மீட்க அது த்ராட்டிலை இன்னும் திறக்கும்; ஏற்கெனவே சூடான எஞ்சின் இன்னும் சூடேறும். சத்தம் மட்டும் மாறாமல் இருக்கும், பிஸ்டனும் லைனரும் போய்விடும்.

இப்போது கர்வ். ஐடில்-அப்பில் (ஸ்டிக்கைக் கீழே இழுத்தாலும் ரோட்டார் வேகம் குறையாமல் வைக்கும் பறப்பு மோடில்) ஸ்டிக்கின் ஐந்து இடங்களுக்கும் தொடக்கத்துக்கு 90-60-45-60-100 வையுங்கள். பிட்ச் இரு பக்கமும் 10 டிகிரி. ஹோவரில் (ஒரே இடத்தில் மிதந்து நிற்கும்போது) ஒருவர் ஆப்டிகல் டாக்கோமீட்டரால் ரோட்டார் வேகத்தைப் பார்க்க, இன்னொருவர் பறக்கவிடட்டும். கவர்னரிடம் கேட்கப் போகும் வேகத்துக்கு 50 முதல் 100 சுற்றுக்குள் கர்வே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். சென்சார் வயர் நடுவானில் அறுந்தால் பெரும்பாலான கவர்னர்கள் கர்வுக்குத்தான் திரும்பும். அந்தக் கர்வில் ஹெலிகாப்டரை இறக்க முடியும் என்பதே நமக்கு இருக்கும் ஒரே காப்பு.

டாக்கோமீட்டரை நம்பலாமா என்று பார்க்கப் பழைய சோக் வைத்த டியூப்லைட் போதும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது விநாடிக்கு 100 முறை மினுக்கும். இரண்டு பிளேடு என்று அமைத்த டாக்கோமீட்டர் 3,000 காட்ட வேண்டும். எல்இடி டியூப்பில் இந்தச் சோதனை நம்பகமாக வராது.

கவர்னருக்குச் சொல்ல வேண்டியவை

இப்போதுதான் கவர்னரை ரிசீவருக்கும் த்ராட்டில் சர்வோவுக்கும் நடுவில் இணைக்கிறோம். வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் இன்னொரு வயர் ஒரு துணைச் சேனலுக்குப் போகும். ஃப்ளைபார்லெஸ் யூனிட்டுக்குள் இருக்கும் கவர்னர் பலவற்றில் அந்தத் தனிச் சேனல் தேவைப்படாது. த்ராட்டில் கர்வின் அளவே கேட்கும் வேகத்தைச் சொல்லிவிடும். அப்படிப்பட்ட யூனிட்டில் சென்சார் போனால் என்ன நடக்கும் என்று அதன் கையேட்டில் தேடிப் படியுங்கள்.

முதலில் எல்லைகள்: ஐடில், முழுத் திறப்பு, நிறுத்தம் மூன்றையும் ஸ்டிக்கால் காட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும். பின்னால் டிரான்ஸ்மிட்டரில் டிராவலையோ சர்வோ திசையையோ தொட்டால் இதை மறுபடி செய்யாமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். திசை தலைகீழாகிப் போன கவர்னர், வேகம் கூடக் கூட இன்னும் திறக்கும்.

அடுத்தது கியர் விகிதம். பெட்டியில் அச்சிட்டதை நம்பாமல் பல்லை எண்ணுங்கள். பினியனில் 10 பல், மெயின் கியரில் 85 பல் என்றால் விகிதம் 8.5. ரோட்டார் 1,850-இல் சுற்ற எஞ்சின் 15,725-இல் சுற்ற வேண்டும். யாராவது பினியனை 11 பல்லாக மாற்றியிருந்தால் விகிதம் 7.73, பழைய 8.5-ஐயே கொடுத்திருந்தால் 1,850 கேட்கும்போது ரோட்டார் 2,030-ஐத் தாண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை, 50 வகுப்பில் நிதானமான பறப்புக்கு 1,650 முதல் 1,750, சாகசத்துக்கு 1,850 முதல் 1,950. மாடலும் பிளேடும் தாங்கும் உச்சம் எது என்று இரண்டின் கையேட்டிலும் பார்த்து, குறைந்ததை எல்லையாக வையுங்கள். இந்த அளவு ஹெலிகாப்டரில் ரோட்டார் வட்டத்தின் ஆரம் சுமார் 67 செ.மீ.; 1,850-இல் பிளேடின் நுனி மணிக்கு ஏறக்குறைய 470 கி.மீ. வேகத்தில் போகிறது. 50 சுற்று கூட்டுவது சின்ன விஷயமல்ல.

ஸ்டார்ட் செய்யப் பயன்படும் நார்மல் மோடில் கவர்னர் ஆஃப். ஐடில்-அப் 1-இல் 1,750, ஐடில்-அப் 2-இல் 1,850. த்ராட்டிலை ஐடிலில் பூட்டும் த்ராட்டில் ஹோல்டில் கட்டாயம் ஆஃப். கெய்னைத் தொழிற்சாலை அளவிலேயே விட்டுவிடுங்கள்.

ரிசீவரின் ஃபெயில்-சேஃபை எஞ்சின் ஓடாதபோதே சோதியுங்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் த்ராட்டில் ஐடிலுக்கு வர வேண்டும், கவர்னரும் ஆஃப் ஆக வேண்டும். சிக்னல் போன பிறகும் கடைசி நிலையைப் பிடித்து வைக்கும்படி விட்டால், யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத ஹெலிகாப்டர் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

முதல் பறப்பு

ஸ்டார்ட் செய்வதற்கு முன் மோட் சுவிட்ச் நார்மலில் இருக்கிறதா, ஹோல்ட் போட்டிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். ஐடில்-அப்பில் இருந்தபடி எஞ்சின் பிடித்துக்கொண்டால் கிளட்ச் உடனே கவ்வும், ரோட்டார் தலையைக் கையில் பிடித்து நிறுத்த முடியாது. எஞ்சின் ஓடியதும் 10 மீட்டராவது தள்ளிப் போங்கள். நார்மலில் வேகம் ஏற்றி, ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்து பிட்ச் பூஜ்யத்தில் இருக்கும்போது ஐடில்-அப் 1-க்கு மாற்றுங்கள். வேகம் ஒரே ஏற்றமாகப் போய் நிற்க வேண்டும். தாண்டிப் போய் இறங்கினாலோ, இரண்டு மூன்று முறை ஆடிய பிறகு நின்றாலோ கெய்ன் அதிகம்.

ஹோவரில் மறுபடி டாக்கோமீட்டர். கேட்டதும் கிடைத்ததும் 20, 30 சுற்றுக்குள் ஒத்துப்போனால் கணக்கு சரி. கவர்னர் திரையில் 1,750, டாக்கோமீட்டரில் 1,680 என்று வந்தால் முதலில் கியர் விகிதத்தைச் சரிபார்த்து, பிறகு கிளட்ச்சைப் பாருங்கள். காந்தம் இருப்பது எஞ்சின் பக்கம். கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் வேகம் சரியாகவே இருக்கும், ரோட்டார்தான் பின்தங்கும். கவர்னருக்கு அது தெரிய வழியில்லை.

ஒரு டேங்க் பறந்த பிறகு தெரியவரும் கோளாறுகளைப் பிரித்தறிவது பழக்கத்தில் வரும். ஹோவரில் சீரான இடைவெளியில் வேகம் ஏறி இறங்கினால் கெய்ன் அதிகம், அல்லது லிங்க்கில் ப்ளே. ஒழுங்கில்லாமல் திடீர் திடீரென்று துள்ளினால் சென்சார் துடிப்பைத் தவறவிடுகிறது. இடைவெளியையும் வயரையும் பாருங்கள். டேங்க் கால்வாசிக்குக் கீழே போனபோது மட்டும் ஆடினால் டேங்கின் உள்ளே, முனையில் எடை மாட்டிய குழாயில் ஓட்டையோ, எரிபொருளில் நுரையோ இருக்கும். ஐடில்-அப்புக்கு மாற்றிய பிறகும் கவர்னர் வேலையே செய்யவில்லை என்றால், அது ஆன் ஆவதற்குத் தேவையான த்ராட்டில் அளவைக் கர்வின் மிகத் தாழ்ந்த புள்ளி எட்டுகிறதா என்று பாருங்கள்.

முழு பிட்ச் ஏற்றத்தில் 1,850 மெதுவாக 1,700-க்கு இறங்கினால் கெய்னைத் தொடாதீர்கள். அங்கே த்ராட்டில் ஏற்கெனவே முழுக்கத் திறந்திருக்கிறது, கவர்னரிடம் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. மெயின் நீடில் ரிச்சாக இருந்தால் சரி செய்யுங்கள். இல்லையென்றால் பிட்ச்சை 10-லிருந்து 9.5-க்குக் குறையுங்கள். கேட்கும் வேகத்தைக் கூட்டுவது இதற்கு மருந்தல்ல.

கடைசியாக ஹோல்ட். உயரத்தில் ஹோவரில் நிற்கும்போது ஹோல்ட் போட்டால் எஞ்சின் சத்தம் ஒரு விநாடிக்குள் ஐடிலுக்கு இறங்க வேண்டும். அதை முதலில் தரையில், பிட்ச் பூஜ்யத்தில் சோதித்துவிட்டுத்தான் மேலே போங்கள்.

அன்றைக்கு ஹெலிகாப்டரைத் துடைத்து வைக்கும்போது ஃபேனை விரலால் ஒரு சுற்று சுற்றி, காந்தத்தின் ஓரத்தில் எபாக்ஸி வெள்ளை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எபாக்ஸி விடப்போவதற்கு முதல் அடையாளம் அந்த வெள்ளைக் கோடு. தெரிந்தால் காந்தத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டிய பிறகே அடுத்த பறப்பு.